யாரும் போகாத கொல்லைமேடு

திங்கட்கிழமை பத்து மணி வகுப்புக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். பெங்களூர் விவேக் நகரில் குழந்தை யேசு கோவிலுக்குப் போகும் தெருவில், மெழுகுவர்த்திக் கடைக்கு மேல்மாடியில் அந்தப் பயிற்சி மையம் இருந்தது. ஓட்டல் வரவேற்பு மேசை, ஆஸ்பத்திரி விசாரணைக் கவுன்ட்டர், கார் ஷோரூம் என்று வேலை தேடுகிறவர்களுக்கு அங்கே நேர்காணல் ஆங்கிலம் சொல்லித் தருவார்கள். சங்கமித்ரா ஒன்பது வருடமாக அங்கே டீச்சர்.

பலகையில் ‘ஐ ஹெயில் ஃப்ரம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

“எந்த ஊர்க்காரங்கன்னு சொல்றதுக்கு மேடம்,” என்றான் முன்வரிசை சுனில், அவள் கேட்பதற்கு முன்பே.

“அதுக்கு ‘ஐ யாம் ஃப்ரம்’னு சொன்னா ஆகாதா?” என்றாள் மமதா.

“ஆகும். அதுவும் சரிதான்.”

“அப்ப இது எதுக்கு?”

“இன்டர்வியூவுக்கு.”

வகுப்பு சிரித்தது. “போன வாரம் எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தாங்க மேடம்,” என்றாள் மமதா. “ஐ ஹெயில் ஃப்ரம் ஆஸ்டின் டவுன்னு சொல்லியிருந்தா காபி குடிக்காமலே எழுந்து போயிருப்பாங்க.”

“சொல்லிப் பாத்திருக்கலாம் இல்ல? செலவு மிச்சம்,” என்றான் சுனில்.

சங்கமித்ரா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். பிறந்த ஊரை, அல்லது நம்முடைய ஆட்கள் எங்கிருந்து வந்தவர்களோ அந்த ஊரைச் சொல்ல இந்தச் சொல். இன்றைக்குக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பி வந்தேன் என்பதற்கு இது வராது. கொஞ்சம் மரியாதையான சொல். கடிதத்திலும் மேடையிலும் நேர்காணலிலும் வரும், வீட்டுப் பேச்சில் வராது. முக்கியமாக, ஊரை விட்டு எத்தனை காலம் ஆகியிருந்தாலும் நிகழ்காலத்தில்தான் சொல்லவேண்டும்.

“எனக்கு ஒரு டவுட்,” என்றாள் மமதா. “நான் பொறந்தது ஒரு இடம், வளந்தது ஆஸ்டின் டவுன், அப்பா ஆம்பூரு. இதுல எத சொல்றது?”

இந்தக் கேள்வி ஒவ்வொரு வகுப்பிலும் வரும். அதற்கு அவள் தயாராக வைத்திருந்த பதிலும் ஒவ்வொரு முறையும் சிரிப்பை வரவழைக்கும். “எந்த ஊரைச் சொன்னா அடுத்த கேள்வி வராதோ, அத சொல்லு.” இன்றைக்கும் சிரித்தார்கள். அவள் பலகையைத் துடைத்தாள்.

சுண்ணாம்புத் தூள் கையிலிருக்கும்போதே போன் வந்தது. சாதிச் சான்றிதழைச் சரிபார்க்கும் குழுவின் அலுவலகத்திலிருந்து கேஸ் வொர்க்கர் சேஷகிரி பேசினார். கன்னடமும் தமிழுமாகப் பேசுகிறவர்.

“மேடம், உங்க ஃபைல் மேல வந்திருக்கு. புதன்கிழமை பதினொன்றரைக்கு விசாரணை. அப்பாவைக் கூட்டிட்டு வாங்க. ஒரு தொந்தரவு இருக்கு.”

“என்ன சார்?”

“நீங்க கொடுத்த ஸ்கூல் சர்ட்டிஃபிகேட்லயே இருக்கு. படிச்சுப் பாக்கலயா?”

அவள் படித்திருந்தாள். எத்தனையோ தடவை நகலெடுத்திருந்தாள். கோலார் தங்கவயலில் அவள் படித்த கான்வென்ட் கொடுத்த படிப்புச் சான்று அது. மதிய இடைவேளையில் போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னாருடைய மகள், இந்த வகுப்பிலிருந்து இந்த வகுப்புவரை இங்கே படித்தாள், நன்னடத்தை. அதற்கு நடுவில் ஒரு வரி: ‘ஹர் ஃபாதர் ஹெயில்ஸ் ஃப்ரம் கொல்லைமேடு, குடியாத்தம் தாலுகா, நார்த் ஆற்காடு.’ காலையில் பலகையில் எழுதிய சொல். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டாள்.

விஷயம் சிக்கலானதில்லை. அரசு உயர்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை வேலைக்கு அவள் மூன்று முறை தேர்வு எழுதி, இந்த முறை தேறியிருந்தாள். ஆதிதிராவிடர் ஒதுக்கீட்டில் வந்த இடம். வெள்ளிக்கிழமைக்குள் ‘சிந்துத்வா’ என்று இங்கே சொல்லப்படும் சரிபார்ப்புச் சான்றை நீட்டினால் வேலை. இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆள். தாத்தா காலத்திலிருந்தே குடும்பம் கர்நாடகத்தில் இருப்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். தாத்தா 1941இல் சுரங்கத்தில் சேர்ந்த தாள் இருந்தது. அப்பா ஜெயவேலு பிறந்தது, அவள் பிறந்தது, இரண்டுமே சுரங்க ஆஸ்பத்திரியில். எல்லாம் ஒழுங்காக இருந்தன, அப்பாவைத் தமிழ்நாட்டுக்காரர் ஆக்கிய இந்த ஒரு வரியைத் தவிர.

அன்று சாயங்காலம் சந்தாபுராவில் வீட்டுக்குப் போனபோது ஜெயவேலு வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரரின் கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் எதையோ நிரப்பிக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. இருபத்தைந்து வருடம் சுரங்கத்துக்குள் மேல்பாறை சரியாமல் மரத்தாங்கல் வைத்தவர். சுரங்கம் மூடியபின் பெங்களூரில் பத்து வருடம் செக்யூரிட்டி வேலை. இரண்டு வருடத்துக்கு முன் மனைவி இறந்தபின் மகளோடு தனியாக இருக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் நீலப் பேனா இருக்கும். தெருவில் யாருக்கு ஆங்கிலத்தில் ஃபாரம் வந்தாலும் அவரிடம்தான் வரும்.

அவள் போனை நீட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“ஸ்பெல்லிங் கரெக்டா போட்டுக்கிது சிஸ்டரு. நான்தான் ஒவ்வொரு எழுத்தா சொன்னேன்.”

“நீயா சொன்ன?”

“உன்ன ஒண்ணாங்கிளாஸ்ல சேக்க சொல்லோ. மத்தவனெல்லாம் முழிச்சிட்டு நின்னான். நான் இங்கிலீஷ்லயே சொன்னேன். ஐ ஹெயில் ஃப்ரம் கொல்லைமேடுன்னு. சிஸ்டரு நிமுந்து பாத்துச்சு.”

“நைனா, அந்த ஊர நீ பாத்திருக்கியா?”

“எங்கப்பன் பாத்திருப்பான்.”

“நீ?”

“குடியாத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு அத சொன்ன?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இதில் என்ன கேட்பதற்கு இருக்கிறது என்பது போலச் சொன்னார். சுரங்கத்தில் வருடத்துக்கு ஒருமுறை நீண்ட லீவு. ஊருக்குப் போகிறேன் என்றால் தருவார்கள்; வீட்டில் இருக்கப்போகிறேன் என்றால், வீட்டில் இருக்க எதற்கு லீவு என்பார்கள். ஆகவே எல்லோருக்கும் ஒரு ஊர் தேவைப்பட்டது. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பிறந்து லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள் தாத்தாவின் ஊரைக் கேட்டு வைத்துக்கொண்டார்கள். தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரனின் ஊரை வாங்கிக்கொண்டார்கள். லீவு லெட்டர் எழுதித் தருவது ஜெயவேலு. ஆங்கிலக் கடித மாதிரிகள் உள்ள ஒரு பழைய புத்தகத்திலிருந்து அவர் பிடித்த சொல் அது. ஐயா, நான் இன்ன ஊரைச் சேர்ந்தவன், அங்கே மாரியம்மன் திருவிழா, பதினைந்து நாள் தேவை.

“மாரியம்மனா? நாம பௌத்தம் இல்லயா?”

“புத்த பூர்ணிமான்னு எழுதுனா எவன் லீவு குடுப்பான்? ஒரு நாள்தான் குடுப்பான்.” அவர் கொஞ்சம் சிரித்தார். “லீவு எடுத்து என்னா பண்ணோம்? வூட்லதான் தூங்கினோம். பதினைஞ்சு நாளும் வெயிலப் பாத்துகினு படுத்திருப்போம். உங்கம்மா திட்டுவா, கொல்லைமேட்டுக்கே போய்த் தொலையறதுதானன்னு.”

“அப்ப ஸ்கூல்லயும் அதையே சொல்லிட்ட.”

“நேட்டிவ் பிளேஸ் இன்னான்னா கை தானா எழுதும். அவ்ளோதான். இதையே அங்க சொல்லிடறேன். நெஜம்தான?”

மறுநாள் மதியம் அவள் அரைநாள் விடுப்பெடுத்துக்கொண்டு சேஷகிரியைப் பார்க்கப் போனாள். அலுவலகம் நான்காவது மாடியில். லிஃப்டில் ‘பழுது’ என்று கன்னடத்தில் அட்டை தொங்கியது. சேஷகிரி கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் சொன்ன லீவுக் கதை முழுவதையும் கேட்டார். நடுவில் ஒருமுறை சிரிக்கவும் செய்தார்.

“கதை சென்னாகிதே, நல்லா இருக்கு. ஆனா உள்ளே சொல்லாதீங்க.”

“ஏன் சார்? அதுதான நடந்தது.”

“நோடி, பாருங்க மேடம். இருபத்தஞ்சு வருஷம் லீவுக்காகப் பொய் எழுதினேன்னு அவரே சொல்றார். சரி, இன்னிக்கு மகள் வேலைக்காக நிஜம் பேசறார்னு விசாரிக்கிற மேடம் எப்படி நம்புவாங்க? நானா இருந்தா நம்ப மாட்டேன்.”

“அப்ப என்ன பண்றது?”

அவர் கோப்பைப் புரட்டினார். “பழைய அட்மிஷன் ஃபாரம் இருக்கா ஸ்கூல்ல?”

“இல்ல. மழையில போயிடுச்சாம். ரெஜிஸ்டர்தான் இருக்கு.”

“ரெஜிஸ்டர் யார் கை எழுத்து?”

“ஹெட் மிஸ்ட்ரஸ் சிஸ்டர். இறந்துட்டாங்க.”

“அப்பா படிச்சவரா?”

சேஷகிரி அவளைப் பார்க்காமல் கோப்பின் நூலைக் கட்டினார்.

“சுரங்கத்துல அடியில வேலை செஞ்சவர். இங்கிலீஷ் தெரியாது. சிஸ்டர் ஏதோ கேட்டாங்க, ஏதோ எழுதிக்கிட்டாங்க. இவருக்கு இன்னிக்குவரை தெரியாது. இப்படி இருந்தா ஒரே நிமிஷம். நான் சொல்லலை. நீங்களும் கேக்கலை.”

செவ்வாய் இரவு முழுக்க அவள் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. புதன்கிழமை காலை பஸ்ஸில், பொம்மசந்திரா தாண்டியபின் சொன்னாள். வண்டி நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. ஜெயவேலு வெள்ளைச் சட்டை போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லி முடித்தபின்னும் வெளியேதான் பார்த்தார். மேம்பாலத்தின் தூண்களில் ஒட்டியிருந்த பயிற்சி மைய விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தார் என்று அவள் நினைத்தாள்.

“எழுதப் படிக்கத் தெரியாதுன்னா?”

“இங்கிலீஷ் மட்டும் நைனா.”

“கன்னடம் எப்பவும் படிக்க வராது. தமிழு அவங்களுக்கு வேணாம். இங்கிலீஷும் இல்லன்னா மிச்சம் இன்னா கீது?”

அவள் வருத்தம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்டபின் உதட்டைக் கடித்துப் பார்ப்பது போல இருந்தது. கண்டக்டர் வந்து நின்று போனார். சில்க் போர்டு சந்திப்பு நெருங்கும்போது ஜெயவேலு சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவை எடுத்து அவள் கைப்பையின் ஓரத்தில் செருகினார்.

“இத வெச்சிகினு போனா கேப்பாங்க.”

விசாரணை அறையில் நீளமான மேசை. அதன் பின்னால் வித்யாலட்சுமி என்ற அதிகாரி, இருபக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஓரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் சேஷகிரி. நேற்றுப் பார்த்த ஆளைப் போலவே அவர் நடந்துகொள்ளவில்லை. வித்யாலட்சுமி ஐம்பதைத் தாண்டியவர், அவசரப்படாத குரல். ஜெயவேலு நிற்பதைப் பார்த்து, “உட்காருங்க ஐயா,” என்றார் கன்னடத்தில். பேச்சு முழுவதும் கன்னடத்தில்தான் நடந்தது. தங்கவயல்காரர்களுக்கு அது படிக்க வராவிட்டாலும் பேச வரும்.

“உங்க ஊர் எது?”

“சாம்பியன் ரீஃப்ஸ் மேடம். கே.ஜி.எஃப்.”

“இந்தக் கொல்லைமேடு?”

“அது எனக்குத் தெரியாது மேடம்.”

“உங்க மகள் சான்றிதழில் இருக்கே. நீங்கள் அந்த ஊரைச் சேர்ந்தவர் என்று. உங்க அப்பா மட்டும் வேலைக்கு வந்தார், குடும்பம் அங்கே இருந்தது என்றுதானே இதைப் பார்த்தால் தோன்றும்?”

“சிஸ்டர் எழுதியிருப்பாங்க மேடம்.”

“நீங்க சொல்லாமல் அவங்க எப்படி எழுதுவாங்க?”

சங்கமித்ரா மேசையின் விளிம்பைப் பார்த்தாள். லேமினேட் தகடு ஓர் இடத்தில் பிரிந்திருந்தது.

“அவங்க இங்கிலீஷ்ல கேட்டாங்க,” என்றார் ஜெயவேலு. “எனக்குப் புரியல. தலையாட்டினேன். எங்கள மாதிரி ஆளுங்க எல்லாருக்கும் தமிழ்நாட்டுல ஏதோ ஒரு ஊர் எழுதுவாங்க. குழந்தைக்கு இடம் கெடைச்சுதேன்னு நாங்க ஒண்ணும் கேக்கறதில்ல. நான் ஸ்கூலுக்கே போகாதவன் மேடம்.”

கடைசியில் சொன்னது யாரும் சொல்லச் சொல்லாதது. அவர் எட்டாவது வரை படித்தவர். சங்கமித்ரா அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவருடைய முகம் புதிதாக இருந்தது. வாய் லேசாகத் திறந்து, கண்கள் அதிகாரியின் முகத்தில் பதிந்து, என்ன சொல்லப்போகிறார்களோ என்று காத்திருக்கும் முகம். சுரங்கத்தில் லீவு லெட்டருக்காக அவரிடம் வந்து நின்றவர்களின் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். எங்கிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டார் என்று அவளுக்கு விளங்கியது.

வித்யாலட்சுமி பக்கத்தில் இருந்தவரிடம் தணிந்த குரலில் ஏதோ பேசினார். பிறகு 1941ஆம் வருடத்துத் தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சேஷகிரியிடம் வாக்குமூலத்தைச் சொல்லச் சொல்ல, அவர் தட்டச்சு செய்தார். அச்சு இயந்திரம் ஒரு தாளைத் துப்பியது.

“ஆச்சரியம்தான்,” என்றார் வித்யாலட்சுமி, இப்போது சங்கமித்ராவைப் பார்த்து. “அப்பாவுக்கு ஓரெழுத்து தெரியாது. மகளை இங்கிலீஷ் டீச்சர் ஆக்கியிருக்கார். இதை நீங்க உங்க மாணவர்களுக்குச் சொல்லணும்.”

அது உண்மையான அன்போடு சொல்லப்பட்டது. இரண்டு உறுப்பினர்களும் தலையசைத்தார்கள்.

“ஆமாம் மேடம்,” என்றாள் சங்கமித்ரா.

“இங்கே கையெழுத்து.”

சேஷகிரி தாளை ஜெயவேலு முன்னால் வைத்து, அதன்மேல் ஒரு பேனாவையும் வைத்தார். ஜெயவேலு பேனாவை எடுத்தார். எடுத்த விதத்திலேயே அது பழகிய கை என்று தெரியும். மூடியைக் கழற்றிப் பின்னால் செருகி, தாளை இடது கையால் கொஞ்சம் சாய்த்தார். பெயரைத் தமிழில் எழுதினால்கூடப் போதும், யாரும் குறை சொல்லப்போவதில்லை. சங்கமித்ரா அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“பரோதில்ல மேடம்,” என்றார். வராது. இடது கைக் கட்டை விரலை நிமிர்த்திக் காட்டினார்.

யாரும் எதுவும் நினைக்கவில்லை. சேஷகிரி இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். அந்த விரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு உருட்டினார். நகத்தின் கீழே பழைய வெட்டுத் தழும்பு ஒன்று ரேகையில் வெள்ளைக் கோடாக விழுந்தது.

“மகள் கன்னடம் படிப்பீங்களா?” என்றார் வித்யாலட்சுமி. “அப்பாவுக்கு ஒருமுறை தமிழில் படித்துச் சொல்லிவிடுங்க. படித்து விளக்கினேன் என்று கீழே எழுதி நீங்களும் கையெழுத்துப் போடணும். அதுதான் முறை.”

சங்கமித்ரா தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். வகுப்பில் படிக்கும் குரலில், நிறுத்தி நிறுத்திப் படித்தாள்.

“ஜெயவேலு என்கிற நான் சொல்றது என்னன்னா. நான் கோலார் தங்கவயல் சாம்பியன் ரீஃப்ஸில் பிறந்து வளர்ந்தவன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் மகளைப் பள்ளியில் சேர்த்தபோது ஆங்கிலத்தில் கேட்ட கேள்வி எனக்குப் புரியவில்லை. கொல்லைமேடு என்ற ஊருக்கும் எனக்கும் என் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த ஊருக்கு நான் ஒருநாளும் போனதில்லை.”

முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் உண்மை. அவர் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

“புரிஞ்சுதா நைனா?”

“புரிஞ்சுது.”

கைப்பையில் அவருடைய பேனா இருந்தது. அவள் மேசையிலிருந்த பேனாவை எடுத்து எழுதினாள். மேற்கண்ட வாக்குமூலத்தை எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தைக்குப் படித்து விளக்கினேன். கையெழுத்து. தேதி.

“நாளை மதியம் வந்து சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்க,” என்றார் வித்யாலட்சுமி. “வாழ்த்துகள்.”

வெளியே நடையில் சேஷகிரி அவர்களைக் கடந்து போகும்போது தலையை மட்டும் அசைத்தார். மூன்றாம் மாடியில் ஒரு கைகழுவும் தொட்டி இருந்தது. சோப்பு இல்லை. ஜெயவேலு கட்டை விரலைச் சுவரில் தேய்த்து, தண்ணீரில் காட்டி, மறுபடி தேய்த்தார். ஊதா நிறம் விரல் முழுவதும் பரவியதே தவிரப் போகவில்லை.

“விடு நைனா. வீட்ல போய்ப் பாத்துக்கலாம்.”

அவர் கையை வேட்டியில் துடைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே இறங்கினார். வழியில் ஒரு கடையில் அவளே இரண்டு டீ சொன்னாள். வேலை கிடைத்துவிட்டது என்பதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அது இன்னொருவருடைய செய்தி போல இருந்தது. யாருக்காவது போன் செய்யலாம் என்று தோன்றி, யாருக்கு என்று தெரியாமல் போனை உள்ளே வைத்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் நேராக விழுந்தது. பத்து நிமிடம் கழித்து ஒரு பச்சை பஸ் திரும்பி வந்து நின்றது. நெற்றிப் பலகையில் கன்னடம் ஓடி முடிந்து, ஆங்கில எழுத்துகள் பெரிதாக வந்து நின்றன. ஜெயவேலு அதை நிமிர்ந்து பார்த்தார்.

“அதுல இன்னா போட்டுக்கிது மித்ரா?” என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. பதிலுக்காகக் காத்திருந்தார்.

“சந்தாபுரான்னு போட்டிருக்கு நைனா,” என்றாள்.

“சரி, ஏறு.”

அவள் முதலில் ஏறி, அவருக்குக் கை கொடுத்தாள். அவர் மை படாத வலது கையை நீட்டினார்.